எச்சரிக்கை பிந்தி வரலாமா?

யப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமாகிய என்.எச்.கே., செய்திக்கு முன் மணிக்கூட்டைத் திரையிற் காட்டிச் செக்கன் பிசகாது நேரம் அறிவித்து வந்தது. தொலைக்காட்சி டிஜிட்டல் முறைக்கு மாறியபோது அவ்வழக்கத்தைக் கைவிட நேர்ந்தது. நிலையத்திலிருந்து புறப்படும் படம் வீட்டுப் பெட்டியில் ஏறத்தாழ இரண்டு செக்கன் பிந்தித் தோன்றியதே காரணம்.

இத்தாமதம் பழுதன்று, அம்முறையின் இயல்பு. படங்கள் முழுமையாக ஒவ்வொன்றாக அனுப்பப்படுவதில்லை. முன்னும் பின்னுமுள்ள படங்களோடு ஒப்பிட்டு, மாறிய பகுதியை மட்டும் சுருக்கி அனுப்புகின்றனர். ஒப்பிடுவதற்குச் சில படங்கள் சேரும்வரை நிலையம் காத்திருக்கின்றது. வந்தவற்றை விரித்தெடுக்க வீட்டுப் பெட்டியும் காத்திருக்கின்றது. துலக்கமான படத்துக்கு நேரத்தால் விலை கொடுக்கின்றோம்.

நாடகம் பார்ப்போருக்கு இரண்டு செக்கன் பொருட்டல்ல. பூமியதிர்ச்சிக்கு அஞ்சும் நாட்டுக்கோ அது பெரிது. 2011 மார்ச் 11ஆம் திகதி, முதல் அதிர்வலை பதிவாகி 8.6 செக்கனில் யப்பானிய வளிமண்டலவியல் நிலையம் எச்சரிக்கை விடுத்தது. செண்டாய் நகரில் பலத்த குலுக்கம் தொடங்க அப்போது ஏறத்தாழ 15 செக்கனே எஞ்சியிருந்தது. அதிலே இரண்டைப் பெட்டி விழுங்கினால் ஒரு தாய் பிள்ளையை மேசைக்கடியில் இழுக்கும் நேரம் போய்விடும். இதை உணர்ந்த என்.எச்.கே. 2010இலேயே வழி கண்டிருந்தது. வரைபடம் தன் வரிசையில் வரட்டும் என்று விட்டு, எச்சரிக்கைச் சொற்களைத் தனி எழுத்துத் தரவாக முந்தி அனுப்பியது. படத்தின் அழகு பின்னுக்கு நின்றது. எழுத்து முன்னுக்கு வந்தது.

2024 ஜனவரி முதலாம் திகதி நோட்டோக் குடாநாடு அதிர்ந்தபோதும் அந்நிறுவனம் அதே நோக்கிலேயே நடந்தது. கடலலை வருகிறது, ஓடுங்கள் என்ற சொற்களைச் சிறுவரும் வாசிக்கும் எளிய எழுத்தில் பெரிதாகத் திரையில் இட்டது. ஆபத்து வேளையிற் படத்தின் தரம் என்பது இதுவே.

இது பிறர் வீட்டுச் செய்தியென்று எம்மவர் ஒதுக்கிவிடலாகாது. 2014இல் இலங்கை அரசு தெரிந்தெடுத்ததும் இதே யப்பானிய முறையைத்தான். பத்தாண்டுக்கு மேலாகியும் வேலை முடியவில்லை. அத்தாமதத்தில் ஒரு நன்மையும் உண்டு: கேட்க வேண்டியதைக் கேட்க இன்னும் இடமிருக்கின்றது.

அம்முறையில், உறங்கும் பெட்டியைத் தட்டியெழுப்பும் அவசரச் சமிக்ஞை உண்டு. பிரதேசத்தைக் குறித்து அனுப்பவும் இயலும். ஆனால் முந்தி வரும் எழுத்தைத் திரையில் வரைவது பெட்டிக்குள் இருக்கும் எழுத்துருவே. பெட்டிக்குள் தமிழெழுத்து இல்லையெனில் அவ்விரைவு வழி தமிழருக்கு அடைபட்டதே. கொள்வனவு நிபந்தனைகளில் ஒரு வரி சேர்த்தால் தீரும் காரியம் இது. பெட்டிகள் வந்திறங்கிய பின்னர் எந்தப் போராட்டத்தாலும் தீராது. எமது பொறியியலாளர்கள் அவ்வரியை எழுதிக் கொடுக்கட்டும். எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் அமைச்சரிடம் எழுத்தில் உறுதி பெறட்டும்.

இன்னொன்று கமக்காரருக்கு நேரே உரியது. பழைய முறையில் அலை நலிந்தாற் படம் புள்ளி விழுந்து மங்கும். ஆயினும் சொல்வது ஓரளவு விளங்கும். டிஜிட்டல் படம் கட்டங்கட்டமாய் உடைந்து அடியோடு மறையும். செய்மதித் தட்டோ அடைமழையில் அற்றுப்போகும், அதாவது எச்சரிக்கை மிகத் தேவைப்படும் பொழுதிலேயே. ஆதலால் வன்னியிலும் மட்டக்களப்பின் படுவான்கரையிலும் தமிழ் வானொலி எட்டாத மூலை இருக்கலாகாது. மின்சாரம் நின்றாலும் இயங்கும் வசதி அஞ்சல் நிலையங்களுக்கு வேண்டும்.

ஆயினும் எமது நிலையில் செக்கன்களை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பது நகைப்புக்கிடமாகும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுமாத்திராவில் நிலம் அதிர்ந்து ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தின் பின்பே கடல் எமது கிழக்குக் கரையில் ஏறிற்று. எவரும் சொல்லவில்லை. இலங்கையில் 30,000 பேருக்கு மேல் மாண்டனர். 2025 நவம்பரில் டித்வா சூறாவளி வந்தபோதும், எச்சரிக்கைகள் தமிழிற் குறைவாகவும் பிந்தியும் வந்தன என்ற முறைப்பாடு எழுந்தது. அத்தாமதத்தைப் பெட்டியின் மேற் போட முடியாது. மொழிபெயர்ப்பாளர் இல்லாத மேசையிலேதான் அது பிறக்கின்றது. தமிழும் அரச கரும மொழியென 1987இல் 13ஆம் திருத்தம் எழுதி வைத்தது. சூறாவளி, வெள்ளம், மண்சரிவு, கடற்கோள் ஆகிய ஒவ்வொன்றுக்கும் வேண்டிய தமிழ் வாசகங்களை முன்கூட்டியே ஆயத்தஞ்செய்து, இடத்தையும் நேரத்தையும் மட்டும் நிரப்பி அனுப்புவதற்கு எந்த வெளிநாட்டுக் கடனும் தேவையில்லை. அனர்த்த முகாமைத்துவ நிலையத்திலும் வளிமண்டலவியல் திணைக்களத்திலும் இரவு பகலாகத் தமிழறிந்த அலுவலர் ஒருவர் இருக்கின்றாரா? அடுத்த வடகீழ்ப் பருவமழைக்கு முன் அரசு இதற்கு மறுமொழி கூற வேண்டும்.