ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன்

“காலம் கெட்டுப்போச்சு” என்று யாராவது ஆரம்பித்தால் நான் மறுத்துப் பேசுவதில்லை. “உங்க பாட்டிக்கு எத்தனை பிள்ளை? அதுல எத்தனை தங்குச்சு?” என்று மட்டும் கேட்பேன். எங்கள் பக்கத்தில் அந்தத் தலைமுறைப் பெண்கள் கணக்குச் சொன்னதே அப்படித்தான்: பெத்தது ஒம்போது, தங்குனது நாலு. நெல் மூட்டைக் கணக்குச் சொல்லும் குரல்தான், ஏற்ற இறக்கம் இருக்காது. மற்றவை எதில் போயின என்று கேட்டால் அம்மை, காய்ச்சல், பேதி என்று சொல்லிவிட்டு வெற்றிலையை எடுப்பார்கள்.

1971-ல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 பேர் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. 2020-ல் அது 28 ஆனது; தமிழ்நாட்டில் 13. இளையான்குடி பக்கத்துக் கிராமங்களில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஊருக்கு நர்சம்மா. அந்த எண் இறங்கியதற்குத் தடுப்பூசி, ஆஸ்பத்திரிப் பிரசவம், குடிதண்ணீர், பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனது என்று காரணங்கள் பல. எல்லாவற்றையும் பேசப் பக்கம் போதாது. எனக்குப் பிடித்த ஒன்றை மட்டும் சொல்கிறேன்: உப்பு, சர்க்கரை, தண்ணீர்.

பேதியில் பிள்ளை சாவது பேதியால் அல்ல, உடம்பில் நீர் வற்றுவதால். வெறும் தண்ணீரைக் கொடுத்தால் நோயுற்ற குடல் அதைச் சரியாக உறிஞ்சாது. ஆனால் சர்க்கரையும் உப்பும் சரியான அளவில் சேர்ந்து வந்தால் குடல் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். தண்ணீரும் கூடவே போகும். இந்தச் சேர்க்கையின் சூட்சுமத்தை 1960-ல் ராபர்ட் கிரேன் என்ற விஞ்ஞானி விளக்கினார். 1968-ல் டாக்காவில் காலரா நோயாளிகளுக்குக் கொடுத்தும் பார்த்தார்கள், பலித்தது. ஆனாலும் டாக்டர்களுக்கு நம்பிக்கை நரம்பில் ஏற்றும் சலைன் பாட்டிலில்தான் இருந்தது.

பிறகு 1971. இன்று வங்கதேசமாக இருக்கும் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து சுமார் ஒரு கோடிப் பேர் அகதிகளாக எல்லை தாண்டி வந்தார்கள். மேற்கு வங்கத்தில் பன்காவ் முகாமில் காலரா. ஆஸ்பத்திரியின் இரண்டு அறைகளிலும் தரை தெரியாமல் நோயாளிகள். திலீப் மகலனாபிஸ் என்ற குழந்தை மருத்துவர் அந்த மலத்திலும் வாந்தியிலும் மண்டிபோட்டுத்தான் சலைன் ஏற்ற வேண்டியிருந்தது. அதுவும் தீர்ந்துபோனது. கல்கத்தாவில் குளுக்கோஸ், சமையல் உப்பு, சோடா உப்பு மூன்றையும் நிறுத்துப் பாலிதீன் பைகளில் போட்டு, இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் ஒட்டினார்கள். முகாமில் டிரம்மில் கரைத்துக் குழாய் வைத்து, குவளையை நோயாளியின் சொந்தக்காரர் கையில் கொடுத்தார் அவர். அம்மா, அண்ணன், அத்தை, யார் பக்கத்தில் இருந்தார்களோ அவர்களே வைத்தியம் பார்த்தார்கள். நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் அந்தக் கரைசல் கிடைத்தவர்களில் இறந்தவர்கள் நூற்றுக்கு நாலு பேருக்கும் குறைவு. மகலனாபிஸ் 2022-ல் காலமானார். அடுத்த ஆண்டு பத்மவிபூஷண் கொடுத்தார்கள். வாங்க அவர் இல்லை. நம் நாட்டில் இது பழகிப்போன ஒன்று.

சொந்தக்காரர் கையில் குவளையைக் கொடுத்தார் என்ற வரியில்தான் என் பேச்சு முழுதும் இருக்கிறது. வங்கதேசத்தில் பிராக் அமைப்பு இதையே 1980-லிருந்து பத்தாண்டுகள் வீடு வீடாகச் செய்தது. பெண் ஊழியர்கள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போய், மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் என்று தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு வேறொருவர் போய் சில தாய்மார்களிடம் கேட்பார். அவர்கள் எவ்வளவு நினைவில் வைத்திருந்தார்களோ அதைப் பொறுத்துத்தான் சொல்லிக்கொடுத்தவருக்குச் சம்பளம்! கேட்கக் கொடுமையாகத் தோன்றும். எனக்கு அப்படிப்பட்ட மேலதிகாரி வாய்த்திருந்தால் முதலில் திட்டியிருப்பேன், பிறகு ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்திருப்பேன்.

எங்கள் ஊர்களில் இருந்த பெரிய தடை பணம் இல்லை, “தண்ணி குடுக்கக் குடுக்கத்தான் போகும்” என்ற நம்பிக்கை. ஒரு ஐப்பசி மழையில், கண்மாய் மறுகால் பாய்ந்து ரோடு அறுந்துகிடந்தபோது, ஓட்டு வீடு ஒன்றில் ஒரு வயசுப் பையன். கண் உள்ளே போயிருந்தது, உச்சிக்குழி பள்ளம் விழுந்திருந்தது, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் திரும்பியது. சீர் தட்டிவிட்டது என்று மந்திரித்துக் கயிறு கட்டியிருந்தார்கள். நான் கயிற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கயிறு யாரையும் கொல்லாது. உதட்டில் ஸ்பூனை வைத்ததும் தாகமாகச் சப்பினான். அது போதும், வீட்டிலேயே தொடங்கலாம்.

இதே உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்தேன். பத்துக் கிலோப் பிள்ளைக்கு முதல் நாலு மணி நேரத்தில் முக்கால் லிட்டர் உள்ளே போக வேண்டும். ஒரு ஸ்பூனுக்கு ஐந்து மில்லி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஏறக்குறைய ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன், நாலு மணி நேரம், விடாமல். கொஞ்சம் வேகமாகக் கொடுத்தோம், வாந்தி எடுத்தான். “பாத்தியா நர்சம்மா, நாஞ்சொன்னேன்ல” என்றார் அப்பத்தா. “பத்து நிமிசம் பொறுப்போம் அப்பத்தா, அப்புறம் மெதுவா குடுப்போம்” என்றேன். பையனின் அம்மா முதல்நாள் இரவெல்லாம் தூங்காதவள். உட்கார்ந்தபடியே கண் சொருகினாள். அடுத்த வீட்டுக்காரி வந்து, ஒன்றும் கேட்காமல் ஸ்பூனை வாங்கிக்கொண்டாள். வரும்போதே உப்புப் போட்ட நொய்க் கஞ்சியும் கொண்டுவந்திருந்தாள். பொழுது சாயும் நேரத்தில் பையன் அப்பத்தா மடியில் ஒண்ணுக்குப் போனான். “ஏத்தா, சேலையெல்லாம் போச்சே” என்று கிழவி சிரித்தார். செவிலியருக்கு அதைவிட நல்ல ரிப்போர்ட் எந்த லேபிலும் கிடைக்காது. அந்த இரண்டு வீட்டுக்கும் வேலித் தகராறு, பேச்சுவார்த்தை கிடையாது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அடுத்த வாரம் போனபோதும் பேசிக்கொள்ளவில்லை.

முன்னேற்றம் என்றால் மெஷின், இரக்கம் என்றால் மனசு என்று இரண்டாகப் பிரித்துப் பேசுகிறவர்கள் இந்த நாலு மணி நேரத்தை எதில் சேர்ப்பார்கள்? உலகம் முழுவதும் இந்தக் கரைசல் ஐந்து கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது என்று மதிப்பிடுகிறார்கள். அதில் ஒவ்வோர் உயிருக்கும் பின்னால் யாரோ ஒருத்தி உட்கார்ந்து புகட்டியிருக்கிறாள். எனக்கு மனிதர்கள்மேல் உள்ள நம்பிக்கை அங்கிருந்து வருகிறது, பிரசங்கத்திலிருந்து அல்ல.

அதற்காக எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, பேதி கண்ட குழந்தைகளில் நூற்றுக்கு அறுபது பேருக்குத்தான் ஓ.ஆர்.எஸ். கிடைத்திருக்கிறது. இன்னொரு பக்கம், சர்க்கரை பல மடங்கு அதிகமான இனிப்புப் பானங்கள் அதே மூன்றெழுத்தை மேலே போட்டு மருந்துக் கடைகளில் விற்றுக்கொண்டிருந்தன. சர்க்கரை கூடினால் பேதி கூடும். ஐதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் ஆண்டுக்கணக்கில் இதற்காக மல்லுக்கட்டினார். 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் போடக்கூடாது என்று உத்தரவிட்டது. கடையில் வாங்கும்போது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாரித்தது என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கண்ணீரைவிடக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள். பிள்ளை குடிக்கவே முடியாமல் துவண்டிருந்தால், மலத்தில் ரத்தம் கண்டால், வீட்டில் உட்காராதீர்கள், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இப்போது செவிலியர் வேலையில் இருக்கும் பெண்கள் என்னிடம் புலம்புவது வேறு. ஒவ்வொரு ஊசியையும் கர்ப்பிணியையும் எடையையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். சிக்னல் கிடைக்காமல் ராத்திரியில் மொட்டைமாடியில் நின்று ஏற்றுகிறார்கள். பதிவு வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் மேலே சொன்ன 129-ம் 28-ம் யாரோ வீடு வீடாகப் போய் எழுதியதால் கிடைத்த எண்கள்தான். ஆனால் ஐயாயிரம் பேருக்கு ஒரு செவிலியர் என்று என்றோ போட்ட கணக்கில் இந்த வேலை இல்லை. பதிவுக்குத் தனியாக ஆள் போடுங்கள். மழைக்காலம் தொடங்குமுன் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் பேதிக்குக் கொடுக்கும் துத்தநாக மாத்திரையும் இருக்கட்டும். அதைக் கொடுக்கப் போகிறவள் வாசலில் நின்று நீட்டிவிட்டு ஓடாமல், ஒரு தடவை கரைத்துக் காட்டிவிட்டு வர அவளுக்கு நேரம் இருக்கட்டும்.