பீரோவுக்குள் பூட்டிய ஆய்வகம்

பல பள்ளிகளில் திருகு அளவி பீரோவுக்குள்ளேயே துருப்பிடிக்கிறது. செய்முறைத் தேர்வுக்கு வெளியே வந்து, ஒரு கம்பியின் விட்டத்தை அளந்ததும் உள்ளே போய்விடும். 0.01 மில்லிமீட்டர், அதாவது 10 மைக்ரான் வரை அளக்கும் கருவி அது! பிளாஸ்டிக் கேரி பேக் 120 மைக்ரானுக்குக் குறையக் கூடாது என்பது 2022 டிசம்பர் 31 முதல் மத்திய அரசின் விதி. தமிழ்நாட்டிலோ 2019 முதல் எந்தத் தடிமனானாலும் தடைதான். கடைத்தெருவில் இன்னும் புழங்கும் பையொன்றை வெட்டி, பத்துத் துண்டுகளை அடுக்கி, திருகுக்கு நடுவே வைத்து, 'டிக் டிக்' என்று கேட்கும்வரை மாணவி திருகட்டும். சுழித்திருத்தம் செய்து, வந்த அளவைப் பத்தால் வகுத்தால் பையின் தடிமன் தெரிந்துவிடும். ஊராட்சி மன்றத்தில் எடுத்துவைக்கத் தக்க சான்று அது. பழைய நிறமாலைமானியும் அப்படித்தான். கீற்றணி வழியே டியூப்லைட்டைப் பார்த்தால் பாதரசத்தின் பச்சைக்கோடு பளிச்சென்று தனித்து நிற்கும், எல்.இ.டி. பல்பில் அது இராது. பாதரச வெப்பமானிகளை மட்டும் பிள்ளைகள் கையில் தர வேண்டாம், அது நஞ்சு. மற்றவற்றைக் கழிவென்று ஏலம் விடுமுன், ஆசிரியர்களே, ஒருமுறை பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள்.