தூங்குகிற நெல்லும் விழித்திருக்கிற நெல்லும்

இந்த முறை சமையல் குறிப்பைச் சற்று ஒத்திப் போட்டுவிட்டு நெல்லைப் பற்றிப் பேசலாமென்று இருக்கிறேன். தினமும் உலையில் போடுகிறோமே, அந்த நெல் எப்படிப் பூக்கிறது, எப்படி முளைக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்? 2021 ஐப்பசி வரையில் நானும் யோசித்ததில்லை.

தஞ்சாவூர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். குறுவை முற்றி, நாளைக்கு அறுப்பு என்று இருந்த சமயம் மழை பிடித்துக்கொண்டது. பயிர் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. சேற்றில் அறுவடை மெஷின் இறங்கவில்லை. ஐந்தாம் நாள் வரப்பில் நின்று பார்த்தால், கதிரிலேயே வெள்ளை வெள்ளையாக முளை! என் வளையல்களை அடகு வைத்துச் செய்த வெள்ளாமை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பக்கத்து வயலிலும் அதே மழை, அதே தண்ணீர். அங்கே ஒன்றிரண்டு முளைதான்.

"இதெப்படி அத்தை?" என்று மாமியாரைக் கேட்டேன்.

"அது தூங்குற நெல்லும்மா. நம்முது முழிச்சுக்கிட்டிருக்கிற நெல்லு. அதையும் நாமதானே வச்சிருந்தோம், நீதானே மாத்தச் சொன்னே?" என்றார்.

சுருக்கென்றது. உண்மைதான். முந்தின வருஷம் அந்த ரகத்தை அறுத்த கையோடு விதைத்துப் பார்த்து, பாதிகூட முளைக்கவில்லை. "சொத்தை விதை" என்று திட்டி, உடனே முளைக்கிற ரகமாகப் பார்த்து வாங்கச் சொன்னவள் நானேதான்.

அது சொத்தை இல்லை, விதை உறக்கம் என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். குளத்தோரம் தானாக விளைகிற காட்டு நெல்லைப் பாருங்கள். முற்றியதும் மணிமணியாகத் தானே உதிர்ந்து விடும். விழுந்தவுடன் முளைத்தால் அடுத்து வரும் கோடையில் குஞ்சு குளுவானோடு கருகிப் போகும். அதனால் சேற்றில் படுத்துத் தூங்கி, காலம் பார்த்து விழிக்கிறது. நம் முன்னோர்கள் உதிராத கதிராகப் பொறுக்கி, சேர்ந்தாற்போல முளைப்பதாகப் பார்த்துப் பார்த்து விதைத்தார்கள். உதிர்கிற குணம் போயிற்று; பல ரகங்களில் தூக்கமும் குறைந்து போயிற்று. இனி நாம் அறுத்துக் காயவைத்து எடுத்து வைத்தால்தான் அதற்குப் பிழைப்பு. தூங்கத் தெரியாத பிள்ளையை மழையில் விட்டால் என்னாகும்?

நெல் பூத்துப் பார்த்திருக்கிறீர்களா சகோதரிகளே? முற்பகல் வேளையில் உமி வாய் திறக்கும். ஆறு மகரந்தப் பைகள் வெளியே தொங்கும். சுமார் ஒரு மணி நேரத்துக்குள் மூடிக்கொள்ளும். அந்த வேளையில் மழை அடித்தால் பதராகும். பெரும்பாலும் அந்தந்தப் பூவின் மகரந்தமே அதன் சூலில் சேர்வதால், தாயைப் போலவே பிள்ளை. தூங்குகிற ரகத்தில் விதை எடுத்தால் அடுத்த போகமும் தூங்கும். விழித்திருக்கிற ரகமானால் அதுவும் அப்படியே. ஆகவே விதையை ஒதுக்கும்போதே யோசிக்க வேண்டும். குறுவை அறுப்பு மழைக்காலத்தில் வருவதால் சில வாரமாவது தூங்குகிற ரகம் நல்லது. அதை வெயிலில் நன்றாகக் காயவைத்து, ஒன்றிரண்டு மாதம் வைத்திருந்து விதைத்தால் பழுதில்லாமல் முளைக்கும். நான்தான் அவசரப்பட்டேன்.

அடுப்படி விஷயம் ஒன்று. தானியத்தின் வெள்ளை மாவு, மூலையில் இருக்கும் முளைக்கருவுக்குத் தாய்ச்செடி கட்டிக் கொடுத்த கட்டுச்சோறு. முளைக்கும்போது அந்த மாவு சர்க்கரையாக மாறத் தொடங்குகிறது. கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து அரைத்துக் கஞ்சி காய்ச்சினால் இனிப்பாக, கட்டிதட்டாமல் இருப்பது இதனால்தான். பிள்ளைகளுக்கு லேசாக ஜீரணமாகும்.

அப்படியானால் எங்கள் முளைத்த நெல்லையும் குத்திச் சாப்பிடலாமே என்றேன். அத்தை கதிரை மோந்து பார்த்துத் தூர எறிந்தார். "பூஞ்சணம் பிடிச்சிருக்கு. மாட்டுக்குக்கூட வேணாம்." அவர் சொன்னது மெத்தச் சரி. வீட்டில் சுத்தமாக முளைகட்டுவது வேறு, நாள் கணக்கில் சேற்றில் ஊறியது வேறு. சில பூஞ்சணங்களின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும், வேகவைத்தாலும் போகாது. அரிசியோ கடலையோ, பூஞ்சணம் பிடித்ததைக் கழுவிக் காயவைத்து உபயோகிக்காதீர்கள்.

மேட்டுப் பக்கம் சாயாமல் நின்றதை மட்டும் அறுத்தோம். மில்லில் அதிலும் பாதி நொய்யாகப் போயிற்று. வளையலை மீட்க அடுத்த தை பிறக்க வேண்டியிருந்தது. இப்போதெல்லாம் விதை வாங்கப் போகும்போது "எத்தனை நாளில் விளையும்?" என்பதோடு, "எத்தனை நாள் தூங்கும்?" என்றும் கேட்டுவிட்டுத்தான் பணத்தை எடுக்கச் சொல்கிறேன்.