கண்ணைக் குறை சொல்லாதீர்கள்

முப்பது வருடமாக மெய்ப்புப் பார்க்கும் ஓர் அக்காவை எனக்குத் தெரியும். அவர் வேலை செய்யும் இடத்தில் 27 அங்குல 4கே திரை ஒன்று வாங்கினார்கள். பெரிய திரை என்றால் நிறைய இடம் வேண்டுமே என்று யாரோ ஸ்கேலை 100 சதவீதத்தில் வைத்துவிட்டார்கள். எழுத்தெல்லாம் எறும்பாகிவிட்டது. கணினி பார்க்க வந்த பையன் ரெசல்யூஷனை 1920 × 1080க்கு இறக்கினான்.

"இப்பப் பெருசாத் தெரியுதாக்கா?"

"பெருசாத்தான் இருக்கு தம்பி. ஆனா மசமசன்னு இருக்கே."

"கண்ணாடிய மாத்திப் பாருங்கக்கா."

மாற்றினார். காசு போனதுதான் மிச்சம். அடுத்த புத்தகத்தில் ‘பத்துக் கோடி’ என்பது ‘பத்துக் கொடி’யாக அச்சேறியது. பழி அக்காவின் வயசு மேல் விழுந்தது.

தப்பு கண்ணில் இல்லை என்கிறேன். கணக்கைப் பாருங்கள். விண்டோஸில் 100 சதவீதம் என்பது, ஓர் அங்குலத்துக்கு 96 பிக்ஸல் இருக்கும் என்ற பழைய அனுமானம். 24 அங்குல முழு எச்டி திரையில் அங்குலத்துக்குச் சுமார் 92 பிக்ஸல். அனுமானம் ஏறக்குறையப் பொருந்தும். 27 அங்குல 4கேயில் 163. அங்கே 100 சதவீதம் வைத்தால் பத்துப் பாயிண்ட் எழுத்து ஆறு பாயிண்ட்டாகச் சுருங்கும். எந்தப் பதிப்பாளராவது ஆறு பாயிண்ட்டில் நாவல் போடுவாரா?

சரி, பையன் செய்தது என்ன? அந்தத் திரையில் இருப்பது 82,94,400 பிக்ஸல். ரெசல்யூஷனை இறக்கியதும் கணினி 20,73,600 பிக்ஸலுக்கு மட்டுமே வரைகிறது. அதை இழுத்துத்தான் முழுத் திரையும் நிரம்புகிறது. நாலு முழம் துணிக்குக் காசு கொடுத்துவிட்டு ஒரு முழத்தை இழுத்துப் போர்த்திக்கொள்வது மாதிரி. ரெசல்யூஷனைத் தொடாமல் ஸ்கேலை 200 சதவீதம் வைத்தாலும் எழுத்து அதே அளவு பெரிதாகும். ஆனால் ஒவ்வோர் எழுத்தும் நாலு மடங்கு பிக்ஸலில் புதிதாக வரையப்படும். அளவு ஒன்று, தெளிவு வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் ஊர் முழுக்க ‘சரிசெய்து’ கொடுக்கிறார்கள்.

தமிழுக்கு இது அலங்காரப் பிரச்சினை இல்லை. கொடிக்கும் கோடிக்கும் நடுவே இருப்பது கொம்பின் ஒரு சுழி. ரி, ரீ அப்படித்தான். னவுக்கும் ணவுக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம். மெய்யெழுத்து நிற்பதே ஒரு புள்ளியை நம்பி. பன்னிரண்டு பாயிண்ட் எழுத்துக்குப் பழைய கணக்கில் கிடைப்பது மேல்கீழ் எல்லாம் சேர்த்து 16 பிக்ஸல். அதையும் மசமசப்பாக்கிவிட்டு ‘நல்லாப் பாருங்கக்கா’ என்றால் எப்படி?

"ஸ்கேல ஏத்தினா இடம் வீணாகுதே சார்" என்பார்கள். ஆகவில்லை. அதே திரையில் 150 சதவீதம் வைத்தால் 2560 × 1440 திரையில் கிடைக்கும் இடம் கிடைக்கும், எழுத்தும் கூர்மையாக இருக்கும். மேலதிக பிக்ஸல் தெளிவுக்காக. சாமான் அடுக்குவதற்கு அல்ல.

இன்னொரு புகார் நியாயமானது. சில பழைய மென்பொருள்கள் ஸ்கேலை ஏற்றியதும் மங்கிவிடும். ஸ்கேலிங் தனக்குத் தெரியும் என்று மென்பொருள் சொல்லாததால், விண்டோஸ் அதைப் படம்போல இழுத்துக் காட்டுகிறது. ஒவ்வொரு திரைக்கும் ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் வசதியை விண்டோஸ் 8.1 கொடுத்தது 2013இல். பத்து வருடத்துக்கு மேலாகியும் அதைச் சேர்க்காதவர்களைக் கேள்வி கேளுங்கள். அவர்களுடைய சோம்பலுக்கு அக்கா ஏன் கண்ணைக் கொடுக்க வேண்டும்? அந்த ஒரு மென்பொருளுக்கு மட்டும் தனியாக அமைக்கவும் வழி இருக்கிறது.

ஓலையில் புள்ளி வைத்தால் ஓட்டை விழும் என்று நம் ஆட்கள் புள்ளியை விட்டார்கள். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தச் சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் புள்ளியைத் தேடித் திண்டாடினார்கள். எண்பது லட்சம் பிக்ஸலை வைத்துக்கொண்டு நாம் புள்ளியைத் தொலைப்பதற்கு என்ன காரணம்?

வீட்டிலோ ஆபீஸிலோ யாராவது ‘தெரியல’ என்றால், கண்ணாடிக் கடைக்கு அனுப்புமுன் டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறங்கள். ரெசல்யூஷன் முழுசாக இருக்கட்டும், ஸ்கேலை ஏற்றுங்கள். எவ்வளவு என்று உட்கார்ந்து படிப்பவரையே கேளுங்கள்.