இரண்டாவது ஆளின் கூலி

1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் 80டிடி என்றொரு பிரிவு இருந்தது. 80 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்புள்ள மாற்றுத்திறனாளி ஒருவரைக் குடும்பத்தில் வைத்துப் பராமரிப்பவர், தன் ஆண்டு வருமானத்தில் 1,25,000 ரூபாயைக் கழித்துக்கொள்ள அது அனுமதித்தது. பராமரிப்புக்கு உண்மையில் எவ்வளவு செலவானது என்று அது துருவவில்லை. 30 சதவீத வரி கட்டும் ஒருவருக்கு இதனால் 37,500 ரூபாய் மிச்சம். அதன் மீதான 4 சதவீதக் கூடுதல் தீர்வையையும் சேர்த்தால் 39,000. மாதத்துக்கு 3,250 ரூபாய். பழைய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கு மட்டுமே இது கிடைத்தது என்பது உண்மைதான். ஆனாலும் நம் அரசாங்கம் ஒரு கடும் மாற்றுத்திறனாளியின் வீட்டுச் சுமையை எவ்வளவு என்று மதிப்பிட்டது என்பதற்கு அது ஒரு எழுத்துபூர்வ சாட்சி.

அதே மத்திய அரசு, வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாத வீட்டுக்கு என்ன தருகிறது? 2009இல் தொடங்கிய இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டத்தில் மாதம் 300 ரூபாய். இதற்கும் 80 சதவீத பாதிப்பு வேண்டும்; கூடவே வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். முதலில் 200 ரூபாயாக இருந்தது, 2012இல் 300 ஆனது. 80 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 500. அந்த 300 அங்கேயே நின்றுவிட்டது. 2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் ஒரு நாள் கூலி 336 ரூபாய். ஒரு மாதத்துக்கான ஊன ஓய்வூதியம் ஒரு நாள் மண் வெட்டும் கூலியைக்கூடத் தொடவில்லை.

வரிச்சலுகையையும் மானியத்தையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று பொருளியல் படித்தவர்கள் கேட்கலாம். கருவூலத்துக்கு இரண்டும் ஒன்றுதான். ஒன்றில் வர வேண்டிய பணம் வரவில்லை, மற்றொன்றில் இருந்த பணம் போகிறது. தொகையின் ஏற்றத்தாழ்வைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 80டிடி பிரிவு பலனைத் தந்தது மாற்றுத்திறனாளிக்கு அல்ல, அவரைப் பார்த்துக்கொள்கிறவருக்கு. கடுமையான ஊனம் இரண்டு பேருடைய வாழ்க்கையைக் கட்டிப்போடுகிறது என்ற உண்மை வரித்துறைக்குத் தெரிந்திருக்கிறது. ஏழைகளுக்கான திட்டங்களை எழுதியவர்களுக்கு அது பிடிபடவில்லை.

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் இந்த இரண்டாவது ஆள் பெரும்பாலும் தாய். சில வீடுகளில் மனைவி, சில வீடுகளில் பள்ளியை நிறுத்திவிட்ட அக்கா. அந்த ஊர்களில் பெண்களுக்குக் கிடைக்கும் வேலைகளின் நேரத்தைக் கொஞ்சம் பாருங்கள். மல்லிகைத் தோட்டங்களில் விடிவதற்கு முன்பே பறிக்கப் போக வேண்டும். பூ மாட்டுத்தாவணிச் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டிய நேரம் அப்படி. மேலூர்ப் பக்கம் பெரியாற்றுத் தண்ணீர் வந்துவிட்டால் நடவு, களையெடுப்பு என்று காலையில் போனால் மதியம் தாண்டும். இந்த நேரங்களில்தான் படுக்கையில் இருப்பவரைப் புரட்டிப் போட வேண்டும், சுத்தம் செய்ய வேண்டும், ஊட்ட வேண்டும். முதுகுத்தண்டு அடிபட்டவரை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். புண் வந்தால் பெரியாஸ்பத்திரி. பெரியாஸ்பத்திரி என்றால் இரண்டாவது ஆளின் துணைக்கு ஒரு மூன்றாவது ஆள். வீட்டில் இப்படி ஒருவர் இருக்கும்போது, வேலைக்குப் போகிற வருமானம் ஒன்று குறைவதில்லை. இரண்டு குறைகிறது, செலவு ஒன்று கூடுகிறது.

அந்தச் செலவைச் சும்மா ஒரு கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். பெரியவர்களுக்கான டயபர் ஒன்று 30 ரூபாய் என்று வைத்தால், நாளைக்கு மூன்று வீதம் மாதம் 2,700 ரூபாய். கதீட்டர், களிம்பு, வலிப்பு மாத்திரை, ஆட்டோ வாடகை எதையும் இன்னும் சேர்க்கவில்லை. டயபர் வாங்க முடியாத வீடுகளில் பழைய சேலைத்துணிதான். அதைத் துவைப்பதும் அதே தாய்தான்.

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டைக் குறை சொல்லும்போது நியாயமாகச் சொல்ல வேண்டும். முதியோருக்கு மாதம் 20 ரூபாய் என்று இங்கே ஓய்வூதியம் தொடங்கியது 1962இல். ஆதரவற்ற மாற்றுத்திறனாளிகளுக்கான ஓய்வூதியம் 1974இல் வந்தது. மத்திய அரசு அந்த எண்ணத்துக்கு வந்துசேர இன்னும் 35 ஆண்டுகள் ஆயின. இப்போது மாநிலத்தில் இரண்டு வாய்க்கால்கள் இருக்கின்றன. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை, கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள், அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், தசைச்சிதைவு நோயாளிகள், தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்கள் போன்ற பிரிவினருக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை கொடுக்கிறது. வருவாய்த்துறை, சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் வழியாக மற்றவர்களுக்கு ஓய்வூதியம் கொடுக்கிறது; 1,000 ரூபாயாக இருந்த இது 2023 ஜனவரியில் 1,500 ஆனது. அன்று பயன்பெற்றவர்கள் 4,39,315 பேர். ஒன்றை வாங்குபவர் மற்றொன்றை வாங்க முடியாது.

அதே ஆண்டு ஆகஸ்டில் முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய் ஆனது. 1,200க்கு 25 சதவீதம் கூட்டினால் 1,500. தற்செயலோ, கணக்குப் போட்டுச் செய்ததோ, இந்தப் பொருத்தம் கவனிக்கத்தக்கது. ஏனென்றால் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தன் 24ஆவது பிரிவில், பிறருக்கான அதே வகைத் திட்டங்களைவிட மாற்றுத்திறனாளிகளுக்கு 25 சதவீதமாவது அதிகம் தர வேண்டும் என்கிறது. ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சட்டப்படி யாரும் கேள்வி கேட்க முடியாது. ஆனால் எதன் மீது 25 சதவீதம்? வயதானவர் கால் வயிறு கஞ்சி குடிக்கக் கொடுக்கும் தொகையின் மீது. பராமரிப்பின் உண்மையான விலை இந்தக் கணக்குக்குள் எங்கேயும் நுழையவே இல்லை.

அதே 24ஆவது பிரிவு இன்னொன்றையும் பட்டியலிட்டிருக்கிறது: அதிக ஆதரவு தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளுக்கான பராமரிப்பாளர் படி. ஓய்வூதியம் தனி, இது தனி. யாருக்கு அதிக ஆதரவு தேவை என்பதை ஒரு மதிப்பீட்டு வாரியம் முடிவுசெய்ய வேண்டும் என்பது 38ஆவது பிரிவு. தமிழ்நாடு இதை ஏற்று உதவியாளருக்கு மாதம் 1,000 ரூபாய் என்று வைத்திருக்கிறது. பல மாநிலங்கள் அதைக்கூடச் செய்யவில்லை என்பது ஒரு பக்கம். கேரளம் 2010லிருந்தே ‘ஆஸ்வாசகிரணம்’ என்ற பெயரில் படுக்கையாகிவிட்டவர்களைப் பார்த்துக்கொள்வோருக்கு மாதம் ஒரு தொகை ஒதுக்கிவருகிறது; பிறகு அது 600 ரூபாய் ஆனது. ஆக, கொள்கையளவில் தெற்கில் இரண்டு மாநிலங்கள் இரண்டாவது ஆளைக் கண்டுகொண்டுவிட்டன. விலை வைக்கும்போதுதான் கை நடுங்குகிறது. 1,000 ரூபாயை 30 நாளுக்குப் பிரித்தால் நாளைக்கு 33 ரூபாய்.

ஏன் இப்படி? நம் திட்டங்கள் எல்லாம் சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது ஒரு காரணம். சான்றிதழில் இருக்கும் 75, 80, 90 என்ற எண்கள் உடல் எவ்வளவு பழுதுபட்டிருக்கிறது என்பதைச் சொல்பவை. ஒரு நாளில் எத்தனை மணி நேரம் இன்னொருவரின் கை தேவைப்படுகிறது என்பதை அவை சொல்லாது. இரு கால்களும் செயலிழந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்து செல்போன் கடை நடத்துபவருக்கு 80க்கு மேல் இருக்கலாம். ஓடியாடும், ஆனால் ஆபத்து அறியாத, இரவில் தூங்காத ஆட்டிசக் குழந்தைக்கு அதைவிடக் குறைவாக இருக்கலாம். இந்த இரண்டாவது வீட்டில்தான் தாய் நகர முடியாமல் இருக்கிறாள். 38ஆவது பிரிவின் மதிப்பீட்டை ஒழுங்காகச் செய்தால் இந்த வித்தியாசம் வெளிப்படும். அதற்கு வாரியம் வீட்டுக்கு வர வேண்டும். நடப்பதோ தலைகீழ். நாற்காலியில்கூட உட்கார முடியாதவரை பேரையூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ வாடகை வண்டியில் ஏற்றி, 40, 50 கிலோமீட்டர் கொண்டுவந்து, மருத்துவமனை வராந்தாவில் காத்திருக்க வைக்க வேண்டியிருக்கிறது. திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வளர்ந்த பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு மனுவோடு வரும் பெண்கள் இல்லாத வாரம் அபூர்வம். தூக்கிக்கொண்டு வந்தால்தான் மனு நகரும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு எங்கிருந்தோ வந்துவிட்டது. அந்த நம்பிக்கையை உருவாக்கியதில் நிர்வாகத்துக்குப் பங்கில்லை என்று சொல்ல முடியவில்லை.

பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும் இன்னொரு சிக்கல் வரும். அறிவுசார் குறைபாடு உள்ளவர் சட்டப்படி வயது வந்தவராகிவிடுகிறார். தாய் என்ற உறவு மட்டும் வங்கிக்குப் போதாது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் சட்டபூர்வப் பாதுகாவலர் சான்று வாங்க வேண்டும். இந்தச் சான்று எதற்கு என்று முதல்முறையாகப் பல தாய்மார்கள் கேள்விப்படும் இடம் வங்கிக் கவுன்ட்டர்தான். கை விரல்கள் விரியாதவருக்கு ஆதார் ரேகை விழாது. கண் நிலைகொள்ளாதவருக்குக் கருவிழிப் பதிவும் அமையாது. 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில் உச்ச நீதிமன்றம், மின்னணு அடையாளச் சரிபார்ப்பை மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றதாக மாற்றச் சொல்லி, டிஜிட்டல் அணுகல் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்றது. அந்தத் தீர்ப்பு இ-சேவை மையம் வரை இறங்கி வரக் கொஞ்ச காலம் பிடிக்கும்.

மதுரைக்காரர்களுக்கு அரவிந்த் கண் மருத்துவமனையின் நிறுவனர் டாக்டர் வெங்கடசாமியின் கதை மனப்பாடம். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன பின்பும் அறுவைச் சிகிச்சை கற்று, 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கி, உலகம் வந்து பார்க்கும் நிறுவனத்தைக் கட்டியவர். அவரைப் பற்றிப் பெருமைப்படாமல் இருக்க முடியாது. ஆனால் இப்படிப்பட்ட கதைகளை மேடைதோறும் சொல்லிச் சொல்லி, ஊனம் என்றாலே வென்று காட்ட வேண்டிய தடை என்ற ஒரு பார்வை நமக்குள் படிந்துவிட்டது. வெல்ல வாய்ப்பே இல்லாத, யாரையும் உற்சாகப்படுத்தாத ஊனங்களும் உண்டு. அவற்றுக்கு மேடை கிடையாது. இத்தகைய வீடுகள் கைவிடப்பட்டால் என்ன ஆகும் என்பதை இதே தென்மாவட்டப் பகுதி 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் பார்த்தது. ஒரு காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 25 பேருக்கு மேல் தீயில் கருகினார்கள். காப்பகம் நடத்தியவர்களைச் சட்டம் பிடித்தது. ஆனால் அந்த நோயாளிகளை அங்கே கொண்டுவந்து விட்ட குடும்பங்களுக்கு அப்போது வேறு என்ன வழி இருந்தது என்ற கேள்விக்குப் பதில் தேட யாரும் பெரிதாக மெனக்கெடவில்லை.

பக்கத்து மாநிலத்தைக் காட்டித்தான் இன்று இங்கே போராட்டங்கள் நடக்கின்றன. ஆந்திரம் 2024 ஜூலையில் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தை 3,000லிருந்து 6,000 ரூபாயாக்கியது. முழுமையாகச் செயலிழந்தவர்களுக்கு 15,000. டாராடாக் போன்ற மாற்றுத்திறனாளிகள் சங்கங்கள் அதே அளவை இங்கும் கேட்கின்றன. கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆந்திரத்தின் அடுத்த ஆண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். தொகை ஏறியதும் சான்றிதழ்கள் மீது சந்தேகம் ஏறியது. 2025இல் மறு ஆய்வு என்று பலரை மீண்டும் மருத்துவர்கள் முன் நிறுத்தினார்கள், தகுதியில்லை என்று அறிவிப்புகள் போயின, எதிர்ப்பு கிளம்பியது. சதவீதத்தோடு பெரும் பணத்தைக் கட்டிவைத்தால் சதவீதம் விலைபொருளாகிவிடும். போலிகளை விரட்டுகிறேன் என்று புறப்படும் அரசு முதலில் மிதிப்பது படுக்கையில் இருப்பவரைத்தான். ஆகவே எல்லோருக்கும் ஒரே வீச்சில் ஏற்றுவதைவிட, பராமரிப்பாளர் படியை முதலில் உயர்த்துவதே சரியான வரிசை என்று நினைக்கிறேன். படுக்கையில் இருப்பவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறாரா என்பதைத் தெருவே சொல்லும். கிராம சுகாதாரச் செவிலியர் சொல்லுவார். போலிக்கு இடம் குறைவு.

பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். நலத்துறையின் பராமரிப்புத் தொகை வாங்குபவர்கள் இரண்டு லட்சத்துக்குச் சற்று அதிகம். அத்தனை பேருக்குமே மாதம் 3,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும் ஆண்டுக்கு 720 கோடியை ஒட்டி முடியும். அவர்கள் எல்லோருக்குமே முழுநேர ஆள் தேவைப்படாது என்பதால் உண்மையில் இன்னும் குறையும். 2024-25 நிதிநிலை அறிக்கையில் மகளிர் உரிமைத்தொகைக்கு ஒதுக்கியது 13,720 கோடி. அதைக் குறைக்கச் சொல்லவில்லை. குடும்பத்தில் பெண் செய்யும் ஊதியமற்ற உழைப்பை அரசு மதிக்கிறது என்று சொல்லித்தான் அந்தத் திட்டமே வந்தது. அந்த உழைப்பின் ஆகக் கடினமான வடிவத்துக்கு அதில் இருபதில் ஒரு பங்கைப் போலச் செலவழிக்கலாமா என்பதே கேள்வி. அரசு ஊழியரின் அகவிலைப்படி ஆண்டுக்கு இருமுறை தானாக ஏறுகிறது. இந்தப் படியையும் ஏதாவது ஒரு கூலி விகிதத்தோடு கட்டிவிட்டால், ஒவ்வொரு 500 ரூபாய்க்கும் சக்கர நாற்காலிகள் சாலைக்கு வர வேண்டியிருக்காது.

பெண்ணியவாதிகள் எழுப்பும் ஓர் ஆட்சேபம் உண்டு, அது வலுவானது. தாய்க்குப் பணம் கொடுத்தால் அவளை வீட்டுக்குள்ளேயே நிரந்தரமாகப் பூட்டியதாகாதா? பணம் மட்டும் கொடுத்தால் ஆகத்தான் செய்யும். அதனால் படி அவள் பெயரிலான தனிக் கணக்கில் வர வேண்டும்; அதை வைத்து வேறு ஆள் அமர்த்திக்கொள்ளத் தடை இருக்கக் கூடாது; ஒன்றியத்துக்கு ஒன்றாவது பகல்நேரப் பராமரிப்பு மையம் வேண்டும், அதுவும் காலை பத்து மணிக்குத் திறக்கும் மையமாக இல்லாமல், ஊரின் வேலை நேரத்துக்குத் திறக்கும் மையமாக. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அந்தப் பணத்தில் பாதியைக் கொடுத்து உட்காரவைத்துவிட்டு அவள் பூப்பறிக்கப் போகலாம். போகாமல் அந்த நேரத்தில் படுத்து உறங்கவும் செய்யலாம். எதற்காக என்று கேட்கும் கட்டம் அந்த விண்ணப்பப் படிவத்தில் இருக்கக் கூடாது.