ஞாயிற்றுக்கிழமை கிளினிக்

2014 முதல் 2024 முடிய ஜொகூருக்கு வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. சிங்கப்பூரில் வேலை செய்யும் நம்மவர்களுக்கு அதில் ஒரு சௌகரியம் இருந்தது. ஞாயிறு அவர்களுக்கு ஓய்வு. இங்கே அரசாங்க கிளினிக் திறந்திருக்கும். 2025 ஜனவரி 1 முதல் விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறியது. பிள்ளைகளோடு சேர்ந்திருக்க நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால், இனிப்புநீர்க்காரர் அரசாங்க கிளினிக்கில் கண்ணைக் காட்ட இனி ஒரு நாள் சம்பளத்தை யோசிக்க வேண்டியிருக்கிறது. யோசித்தால் தள்ளித்தான் போகும்.

“கண்ணுல பூச்சி பறக்குதுண்ணே, வயசாச்சுல்ல” என்பார்கள். வயதானால் பறக்கும், உண்மைதான். இனிப்புநீர் உள்ளவருக்கு அதே பூச்சி இரத்தமாகவும் இருக்கலாம். பல வருடம் ஏறிய சர்க்கரை விழித்திரையின் நுண்குழாய்களைக் கெடுக்கிறது. இரத்தம் போதாத இடத்தில் புதுக் குழாய்கள் முளைக்கின்றன. அவை பலமில்லாதவை, உடைந்து கண்ணுக்குள் கசியும். அந்தக் கசிவின் நிழல்தான் கரும்புள்ளி. வலி இருக்காது. வலித்திருந்தால் மறுநாளே விடுப்பு எடுத்திருப்பார்கள்!

மங்கல் வேறு விஷயம். சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்வில்லை உப்பி, பார்வை மாறும். அந்த நேரத்தில் கண்ணாடி மாற்றினால் காசு தண்டம். சர்க்கரை அடங்கிச் சில வாரம் போகட்டும். ஆனால், விழித்திரையின் நடுப்பகுதி வீங்கினாலும் மங்கும். எது என்று நாமே கண்டுபிடிக்க வழியில்லை.

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர், இந்தியர்களில் 31.4.

இரண்டாம் வகை என்றால், நோய் தெரிந்த உடனேயே கண் பரிசோதனை; பிறகு வருடம் ஒரு முறையாவது. கர்ப்பிணிகள் தாமதிக்கவே கூடாது. சொட்டு மருந்து விட்டுக் கண்ணைப் படம் பிடிப்பார்கள். சில மணி நேரம் கூசும், மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டுப் போங்கள். லேசரும் ஊசியும் இருக்கிற பார்வையைப் பெரும்பாலும் காப்பாற்றும். போனதை மீட்பது கடினம். திடீரென்று புள்ளிகள் கொட்டினால், மின்னினால், திரை விழுந்தாற்போல் மறைத்தால் அன்றைக்கே மருத்துவமனை அவசரப் பிரிவு.

சிங்கப்பூரில் தைப்பூசம் பொது விடுமுறை இல்லை. ஆனாலும் நம் ஆட்கள் விடுப்பு எழுதிக்கொடுத்துக் காவடி எடுக்கிறார்கள். கண்ணுக்கும் ஒரு நாள் எழுதிக்கொடுங்கள்.