100 மி.லி. விதி: குப்பைத் தொட்டிக்குப் போகும் பாட்டிலுக்கு யார் பொறுப்பு?

இரவு 11 மணி. சர்வதேச விமான நிலையம் ஒன்றின் பாதுகாப்புச் சோதனை வரிசை. வேலைக்காக முதன்முறையாக வெளிநாடு கிளம்பும் இளைஞர் ஒருவரின் பை, எக்ஸ்ரே மெஷினைத் தாண்டியதும் தனியாக ஒதுக்கப்படுகிறது. திறந்து பார்த்தால், வீட்டில் காய்ச்சிய தலை எண்ணெய் 200 மி.லி. பாட்டிலில் பாதி அளவுக்கு இருக்கிறது. கூடவே 150 மி.லி. டியோடரன்ட், குடும்ப சைஸ் டூத்பேஸ்ட்.

"இது போகாது சார்."

"பாதிதான் இருக்கு சார். அம்மா காய்ச்சிக் கொடுத்தது."

பின்னால் நிற்பவர்கள் வாட்ச்சைப் பார்க்கிறார்கள். மூன்றும் பக்கத்திலிருக்கும் தொட்டிக்குள் விழுகின்றன. வழியனுப்ப வந்த அம்மா டெர்மினல் வாசலோடு நின்றுவிட்டவர். அவரிடம் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை.

எந்த நாளிலும் எந்த விமான நிலையத்திலும் நடக்கக்கூடிய காட்சிதான் இது. "ரூல்ஸ் தெரியாம வந்தா இப்படித்தான்" என்று பயணியின் தலையில் பழியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால், அந்த விதியை அவருக்கு யார், எப்போது, எந்த மொழியில் சொன்னார்கள்? கேட்கவேண்டிய கேள்வி அதுதான்.

விதி எப்படி வந்தது?

2006 ஆகஸ்ட் 10-ம் தேதி பிரிட்டன் போலீஸ் ஒரு பெரிய சதியை முறியடித்ததாக அறிவித்தது. லண்டனிலிருந்து அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் செல்லும் விமானங்களை நடுவானில் தகர்ப்பதுதான் திட்டம். 500 மி.லி. குளிர்பான பாட்டில்களில் ஹைட்ரஜன் பெராக்சைடு அடிப்படையிலான திரவ வெடிபொருளை நிரப்பி, சாதாரண கூல்டிரிங்க்ஸ் போலக் கொண்டுபோக நினைத்திருந்தார்கள். விமானங்களைத் தகர்க்கச் சதி செய்ததாக 2009-ல் மூன்று பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது.

கைது நடந்த அன்றே பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் கைப்பையில் திரவங்கள் மொத்தமாகத் தடை செய்யப்பட்டன. சில வாரங்களில் தடை கொஞ்சம் தளர்ந்து, 100 மி.லி. என்ற கணக்கு வந்தது. அமெரிக்கா அதே ஆண்டு செப்டம்பரிலும், ஐரோப்பிய ஒன்றியம் நவம்பரிலும் அதை நடைமுறைப்படுத்தின. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பும் பரிந்துரைக்க, உலகம் முழுக்கப் பரவியது. இந்தியாவில் சர்வதேச விமானங்களுக்கு இது கண்டிப்பான விதி. உள்நாட்டு விமானங்களில் தண்ணீர் பாட்டில் போன்ற விஷயங்களில் நடைமுறை சற்றுத் தளர்வாக இருக்கலாம். அதை நம்பி சர்வதேசப் பயணத்துக்குப் பேக் செய்தால் சிக்கல்தான்.

ஆக, விதி சும்மா வந்ததில்லை. பழைய எக்ஸ்ரே மெஷின்களால் பாட்டிலுக்குள் இருப்பது ஷாம்புவா, வேறு ஏதாவதா என்று நம்பகமாகப் பிரித்துப் பார்க்க முடியாது. பொருளைக் கண்டுபிடிக்க முடியாததால் அளவைக் கட்டுப்படுத்தினார்கள். தொட்டிக்குள் விழுந்த அந்த எண்ணெயை வெடிகுண்டு என்று அங்கே யாரும் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் வரிசைக்குப் பக்கத்திலேயே இருக்கும் சாதாரணக் குப்பைத் தொட்டியில் போட்டிருப்பார்களா?

எதெல்லாம் திரவம்?

பலரும் சறுக்கும் இடம் இது. தண்ணீர்போல ஓடுவது மட்டும் திரவம் இல்லை. ஜெல், பேஸ்ட், கிரீம், ஸ்ப்ரே எல்லாமே இதே கணக்கில் வரும். டூத்பேஸ்ட், ஷேவிங் ஃபோம், ஹேர் ஜெல், சன்ஸ்கிரீன், லிப் கிளாஸ், மஸ்காரா எல்லாம் அடக்கம். சாப்பாட்டிலும் தேன், ஜாம், தயிர், தக்காளித் தொக்கு இதே கதைதான். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழிக் காலையில் கட்டியாக இருக்கிறதே என்று வாதாடினால் எடுபடாது.

இரண்டாவது குழப்பம் அளவு. பார்ப்பது பாட்டிலின் கொள்ளளவைத்தான். உள்ளே மிச்சமிருக்கும் அளவை அல்ல. 200 மி.லி. பாட்டிலில் 20 மி.லி. இருந்தாலும் அது 200 மி.லி. பாட்டில்தான். அந்த இளைஞர் தோற்றது இந்த இடத்தில். அதே எண்ணெயை 100 மி.லி. பாட்டிலில் ஊற்றியிருந்தால் சிங்கப்பூரோ துபாயோ அவரோடு போய்ச் சேர்ந்திருக்கும்.

மூன்றாவது, பை. எல்லா குட்டி பாட்டில்களும் மூடித் திறக்கக்கூடிய, ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள ஒரே ஒரு கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் பைக்குள் அடங்க வேண்டும். ஜிப்லாக் கவர் போதும். ஆளுக்கு ஒன்றுதான்.

மருந்து, கைக்குழந்தைக்கான பால், உணவு ஆகியவற்றுக்குப் பயணத்துக்குத் தேவையான அளவில் விலக்கு உண்டு. மருந்துச் சீட்டு கையில் இருப்பது நல்லது. இன்சுலினைச் செக்-இன் பெட்டியில் போடவே கூடாது; சரக்கு அறையின் குளிரில் உறைந்தால் மருந்து கெட்டுவிடும். வீட்டில் காய்ச்சிய மூலிகைத் தைலத்தை "இதுவும் மருந்துதான்" என்று சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

பவுடர் போட்டுத் தப்பிக்கலாமா?

பெரும்பாலும் முடியும். சோப்புக் கட்டி, ஷாம்புக் கட்டி, சீயக்காய்த் தூள், பயத்தம் மாவு எதுவும் திரவக் கணக்கில் வராது. பாட்டி காலத்துக் குளியல் சாமான்கள் விமானத்துக்கு ரொம்பவே தோதானவை! ஒரே ஒரு எச்சரிக்கை: அமெரிக்காவுக்குச் செல்லும் விமானங்களில் 2018 ஜூன் இறுதியிலிருந்து 350 மி.லி. டப்பாவுக்கு மேற்பட்ட பவுடருக்குக் கூடுதல் சோதனை உண்டு. சந்தேகம் தீரவில்லை என்றால் கேபினுக்குள் விடமாட்டார்கள். பெரிய டப்பா என்றால் செக்-இன் பெட்டியில் வைப்பதே சரி.

இன்னொரு தீர்வு நம்ம ஊரிலிருந்தே கிளம்பியது. கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன், பெரிய பாட்டில் வாங்க முடியாதவர்களுக்காக ஷாம்புவைச் சின்ன சாஷேயில் அடைத்து விற்கும் வழியைக் காட்டினார். பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் அந்த சாஷே ஒவ்வொன்றும் சில மில்லிலிட்டர்தான். ஒரு வாரப் பயணத்துக்கு நாலு சாஷே போதும், சோதனையிலும் யாரும் மறிக்கப்போவதில்லை. ஆனால் அந்தப் பிளாஸ்டிக்கை மறுசுழற்சி செய்வது கடினம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அடிக்கடி பறப்பவர்களுக்குத் திரும்பத் திரும்ப நிரப்பக்கூடிய 50 மி.லி. பாட்டில்களே நல்லது.

நிரப்பும்போது ஒரு விஷயம். விமானம் 35,000 அடியில் பறந்தாலும், கேபினுக்குள் காற்றழுத்தம் சுமார் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதுபோல வைக்கப்படுகிறது. கிட்டத்தட்ட ஊட்டியில் இருப்பதுபோல. மலை ஏறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்புவதைப் பார்த்திருப்பார்கள். பாட்டிலுக்குள் சிக்கிய காற்றும் அப்படித்தான் விரிந்து, ஷாம்புவை மூடி வழியாக வெளியே தள்ளும். பாட்டிலை லேசாக அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு மூடினால் சட்டை தப்பிக்கும்.

செக்-இன் பெட்டியில் எல்லாம் போகுமா?

100 மி.லி. கட்டுப்பாடு அங்கே கிடையாது. ஆனால் ஸ்ப்ரே, பெர்ஃப்யூம் போன்றவற்றுக்கு வேறு உச்சவரம்பு உண்டு: ஒரு கேன் அல்லது பாட்டில் 500 மி.லி.க்கு மேல் போகக்கூடாது, ஆளுக்கு மொத்தம் 2 லிட்டர். அழுத்தினால் பீய்ச்சும் கேன்களுக்கு மூடி இருக்க வேண்டும். தனியாக இருக்கும் ரேசர் பிளேடுகளுக்கும் செக்-இன் பெட்டிதான் இடம். பவர் பேங்க் நேர் எதிர். அது கைப்பையில் மட்டும்தான் போகலாம்.

சரி, எல்லாவற்றையும் செக்-இன்னில் போட்டுவிடலாமே என்றால், அதற்கும் இப்போது விலை இருக்கிறது. செக்-இன் பெட்டி இல்லாத பயணிகளுக்குக் குறைந்த கட்டணத்தில் டிக்கெட் விற்க 2021-ல் டிஜிசிஏ உள்நாட்டு விமான நிறுவனங்களை அனுமதித்தது. ஆபீஸ் வேலையாக இரண்டு நாள் பறப்பவர்கள் ஒரே கைப்பையோடுதான் கிளம்புகிறார்கள். அவர்கள் போய்வரும் பழக்கத்தில் விதியைக் கற்றுக்கொள்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை, வாழ்க்கையில் முதன்முறை பறப்பவர்கள்தான் தொட்டிக்குப் பக்கத்தில் கற்றுக்கொள்கிறார்கள்.

விதி வளையவே வளையாதா?

வளைந்திருக்கிறது. கொரோனா பரவிய 2020 மார்ச்சில், அமெரிக்கா கைப்பையில் சுமார் 355 மி.லி. வரை சானிடைசருக்கு அனுமதி கொடுத்தது. தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று கேபினில் தடை செய்யப்பட்ட தேங்காய்க்கு, 2022 நவம்பரில் இந்தியாவின் சிவில் விமானப் பாதுகாப்பு அமைப்பு தற்காலிகமாக விலக்கு கொடுத்தது. சபரிமலை பக்தர்களின் இருமுடிக்காக, எக்ஸ்ரே, வெடிபொருள் சோதனை, கையால் சோதனை ஆகியவற்றுக்குப் பிறகு அனுமதி. 2024 சீசனிலும் அது தொடர்ந்தது. தேவை புரிந்தால், கூடுதல் சோதனையோடு வழிவிட முடியும் என்பதற்கு இவை சாட்சி.

தொழில்நுட்பமும் மாறிவருகிறது. ஆஸ்பத்திரி சிடி ஸ்கேன்போல பையை முப்பரிமாணத்தில் பார்க்கும் ஸ்கேனர்கள் வந்துவிட்டன. லண்டன் சிட்டி விமான நிலையம் 2023-ல் 100 மி.லி. கட்டுப்பாட்டை எடுத்தது. ஆனால் 2024 ஜூனில் பிரிட்டனின் சில விமான நிலையங்களிலும், செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்திலும் பழைய விதியே தற்காலிகமாகத் திரும்ப வந்தது. 2025 ஜூலையில் எடின்பரோ 2 லிட்டர் வரை அனுமதித்தது. விளைவு, ஊருக்கு ஒரு விதி. எடின்பரோவில் தாராளமாக ஏறிய பாட்டில், வழியில் விமானம் மாறும் ஊரில் மீண்டும் சோதனைக்குப் போனால் தொட்டிக்குள் போகலாம். டியூட்டி ஃப்ரீ கடையில் வாங்கிய பெர்ஃப்யூமையும் சீல் பிரிக்காமல், பில்லோடு, கடைசி ஊர்வரை அப்படியே வைத்திருக்க வேண்டும்.

என்ன மாற வேண்டும்?

புது ஸ்கேனர்கள் எல்லா இடத்துக்கும் வரும்வரை 100 மி.லி. விதி இருந்துவிட்டுப் போகட்டும். அதை மீறச் சொல்வது சரியில்லை. வரிசையில் நிற்கும் வீரரிடம் சண்டை போடுவதும் சரியில்லை. அவர் விதியை எழுதியவர் இல்லை.

ஆனால் தகவல் சொல்லும் முறை மாற வேண்டும். இன்று வெப் செக்-இன்னில் தடை செய்யப்பட்ட பொருட்களின் படங்களோடு ஒரு பக்கம் வருகிறது. ஒரு டிக் போட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும். படித்தார்களா, புரிந்ததா என்பது யாருக்கும் கவலையில்லை. விதியைச் சொல்லிவிட்டோம் என்று நிறுவனத்துக்கு ஒரு ஆதாரம், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டிலிருந்து கிளம்பும் பயணிக்கு, பயணத்துக்கு முந்தைய நாள் தமிழில் ஒரு எஸ்எம்எஸ் அனுப்புவது பெரிய செலவா? "கைப்பையில் 100 மி.லி.க்கு மேற்பட்ட பாட்டில் வேண்டாம், பாதி காலியாக இருந்தாலும் வேண்டாம்" என்ற ஒரு வரி போதும். செக்-இன் கவுன்டரில் பெட்டியை எடை போடும்போதே "கைப்பையில் எண்ணெய், ஊறுகாய், ஸ்ப்ரே இருக்காங்க?" என்று ஒரு கேள்வி கேட்டால், பெட்டியைத் திறந்து மாற்றி வைக்க நேரம் இருக்கும். பாதுகாப்புச் சோதனைக்கு முன்னால் பொருளை ஒப்படைத்துவிட்டு, உறவினர் வந்து வாங்கிக்கொள்ளும்படி ஒரு கவுன்டர் வைக்கலாம். இதில் எதுவும் பாதுகாப்பைக் குறைக்காது. வரிசைதான் வேகமாக நகரும்.

அதுவரை, அந்த வேலையை வீட்டில் இருப்பவர்கள்தான் செய்ய வேண்டியிருக்கிறது. அடிக்கடி பறக்கும் அண்ணனோ அக்காவோ, ஊரிலிருந்து யாராவது கிளம்பும்போது "டிக்கெட் எடுத்தாச்சா, பாஸ்போர்ட் எடுத்தாச்சா" என்பதோடு "எண்ணெயை எதுல ஊத்தியிருக்கே?" என்றும் கேட்டுவிட்டால் போதும். 100 மி.லி. பாட்டில் எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். அம்மா அடுப்படியில் நின்று காய்ச்சிய எண்ணெய் கடையில் கிடைக்காது.